உழைச்செல்வான்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் நோயாளர் துணைப்பணியின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்புக்களாகப் பகுத்து நிறைவுறுகின்றது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு வள்ளுவர் நான்காவதாக எண்ணுவது உழைச்செல்வானை. 'உழை' என்பது இங்குப் பக்கத்தைக் குறிக்கும். நோயாளியின் பக்கத்தே நின்று, தீர்ப்பவன் வகுத்ததைப் பிழையின்றி இயற்றுபவனே உழைச்செல்வான். சரக சங்கிதையிலும் இதே நாற்பகுப்புக் காணப்படுகின்றது. மருத்துவனையே தலைமையாக வைக்கும் அந்நூல்கூடப் பணிவிடையாளனிடம் அன்பு, தூய்மை, செயல்வன்மை, அறிவு ஆகிய நான்கையும் எதிர்பார்க்கின்றது. எனவே கொள்கையளவில் நமது மரபு இவ்வுழைப்பை அறியாதிருந்தது எனக் கூறுவதற்கில்லை. ஆயின் நான்கு உறுப்புக்களுள் மூன்றுக்கு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது, நான்காவதற்கு எழுதப்படவில்லை. வாவிக்கரையின் சமூக வரலாற்றோடு, குறிப்பாக இருதய நோயாளரின் விடுதியில் நிகழும் வேலையோடு, இவ்விடைவெளியைப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்டக்களப்பின் மரபுவழி வரலாற்று ஆவணங்களுள் முதன்மையானது, எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்'. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. குடிகளின் முறைமை, கோயில் வரிசை, ஊழிய உரிமை ஆகியன பற்றி இத்தகைய நூல்கள் தரும் செய்திகள் பெறுமதியானவை. எனினும் ஊழியஞ் செய்தோர் இவ்வாவணங்களிற் புகுவது ஆதிக்கக் குடிகளின் சிறப்பை நிறுவுவதற்குச் சான்றாக மட்டுமே. நோய்ப் படுக்கையருகே நின்ற கைகள் அச்சிறப்புக்கு எவ்வகையிலும் உதவாதவை. அவை பதிவு பெறாமைக்கு வேறு காரணந் தேட வேண்டியதில்லை.

அக்கைகள் யாருடையவை? முதலாவதாகப் பெண்களுடையவை. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாய்ச் சேர்வதும், மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வதும் இப்பிரதேசத்தின் வழக்கம். தாயும் மகளும் அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த வளவுகளில் வாழும் இவ்வமைப்பு, நோயாளரைப் பராமரிப்பதற்கு ஒரு பொருளியல் அடித்தளத்தை வழங்கிற்று. தாய்வழி முறையைப் பெண்ணின் உயர்வுக்குச் சான்றாகப் போற்றுவோர் பலர். அதே முறை நோயாளியைத் தூக்கி இருத்துதல், துடைத்தல், ஊட்டுதல் முதலிய வேலைகளனைத்தையும் பெண்கள்மேற் சுமத்தியது என்பதை அவர்கள் நினைவுகூர்வதில்லை. இரண்டாவதாக, தீட்டுடன் தொடர்புடையனவாகக் கருதப்பட்ட வேலைகள் தொழிற்குடிகளுக்கு ஒதுக்கப்பட்டன. முஸ்லிம் ஊர்களில் ஒஸ்தா எனப்படுவோர் விருத்தசேதனத்தைப் பரம்பரைத் தொழிலாகச் செய்தனர். தமிழகத்தில் 'மருத்துவர்' என்பது நாவிதச் சாதியாரைக் குறிக்கும் பெயராகவும் வழங்கியது. உடலைத் தொட்டுக் குணப்படுத்தியவனுக்குப் பெயர் கிடைத்தது, மதிப்புக் கிடைக்கவில்லை.

குடியேற்ற ஆட்சிக்கால வைத்தியசாலை இவ்வுழைப்பைக் கூலியுழைப்பாக மாற்றியது. இஃது ஒரு முன்னேற்றமே. சாதிக்கடமை சம்பள வேலையாயிற்று. ஓடலி, அற்றெண்டன் என்னும் பதவிப் பெயர்கள் தோன்றின. ஆனால் பழைய ஏற்றத்தாழ்வு புதிய உடையில் தொடர்ந்தது. தலையுழைப்பு மேலே, கையுழைப்புக் கீழே. 'சிற்றூழியர்' என்ற சொல்லே போதிய சான்று. பின்னர் 'கனிஷ்ட ஊழியர்' என மாற்றினார்கள். வடமொழியிற் சொன்னால் சிறுமை குறையும் போலும்!

1931இன் சர்வசன வாக்குரிமையும், 1934–35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்த மலேரியாக் கொள்ளைநோயும் இலங்கையில் அரச மருத்துவ சேவை விரிவடைந்ததன் அரசியற் பின்னணியாகும். சூரியமல் இயக்கத்து இடதுசாரிகள் நோயுற்ற கிராமங்களுக்குச் சென்று ஆற்றிய பணி அக்கால வரலாற்றில் நிலைபெற்றது. கட்டணமற்ற வைத்தியமும், 1971இல் சேனக பிபிலேயின் முயற்சியால் உருவான அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனமும் மக்கள் போராடிப் பெற்ற பேறுகள். மருந்து எல்லார்க்கும் உரியது என்பதை அவை நிறுவின. அம்மருந்தை நோயாளியின் உடலோடு சேர்ப்பிக்கும் உழைப்பாளியின் நிலை பற்றி அவை அதிகம் பேசவில்லை. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின் பின் அரசாங்கம் ஏறத்தாழ 40,000 தொழிலாளரை வீட்டுக்கனுப்பியபோது, கீழ்நிலை அரச ஊழியரின் பேரம் பேசும் வலிமை எத்தகையது என்பது அம்மணமாய்த் தெரிந்தது.

இனி இருதய விடுதிக்கு வருவோம். இருதய மருத்துவத்தின் உள்வரலாறே கையுழைப்பின் மதிப்பை மாற்றியமைத்தது என்பது நோக்கற்பாலது. மாரடைப்புக்கு ஆளானவர் உயிர் பிழைத்தல் கூடும் என்பதை 1912இல் ஜேம்ஸ் ஹெரிக் என்னும் அமெரிக்க மருத்துவர் தெளிவுபடுத்தினார். அதன்பின் நெடுங்காலம் விதிக்கப்பட்ட சிகிச்சை, வாரக்கணக்கில் அசையாது படுத்திருத்தல். உணவைக்கூடப் பிறர் ஊட்டினர். காலில் உறைந்த குருதி நுரையீரலுக்குச் சென்று உயிரைப் பறித்தது, தசைகள் இளகின, மனம் சோர்ந்தது. 1952இல் பொஸ்ரன் நகரில் சாமுவேல் லெவினும் பேர்ணாட் லவுணும் 81 நோயாளரைத் தொடக்க நாட்களிலேயே சாய்கதிரையில் இருத்திக் கண்ட பயனை வெளியிட்டனர். படுக்கையே நோயாளியைக் கெடுத்தது என்பது மெல்ல ஏற்கப்பட்டது. அறிஞர் இருவரின் பெயரும் நூல்களில் உள்ளன. அந்த 81 பேரையும் நாள்தோறும் தூக்கிக் கதிரையில் இருத்திய கைகளுக்குரியோர் யாவர் என்று மருத்துவ வரலாறு கேட்பதில்லை.

இம்மாற்றத்தின் பொருள் என்ன? முன்பு பணிவிடையாளனின் வேலை நோயாளியைச் சுத்தமாக வைத்திருத்தல். சிகிச்சை என்பது அதற்கு அப்பாற்பட்டது. இப்போது அசைவே சிகிச்சையாயிற்று. அசையச் செய்பவர் சிகிச்சையின் கருவியாகவன்றிக் கருத்தாவாகவே ஆனார். உடற்பயிற்சி மருத்துவத்தின் தோற்றமும் இதற்கு அணித்தானது: 1894இல் இங்கிலாந்தில் நான்கு தாதியர் கூடிப் பிடித்துவிடும் தொழிலுக்கு ஒரு சங்கம் அமைத்ததிலிருந்தே அத்துறை வளர்ந்தது. பிரித்தானிய வைத்தியசாலைகளில் இன்று சிகிச்சைத் துணைப்பணியாளர் என ஒரு தனி வகுப்பே உண்டு. நம்மிடம் அவ்வேலை இயன்மருத்துவர், தாதி, சிற்றூழியர், 'உதவிக்கு நிற்கும்' உறவினர் ஆகியோரிடையே சிதறிக் கிடக்கின்றது. வேலை ஒன்று, பெயர் இல்லை.

வேலையின் தன்மையைச் சற்று விரித்துரைத்தல் தகும். நெருக்கடி நீங்கிய நோயாளி முதலிற் கட்டிலிற் கிடந்தவாறே கணுக்காலை மடக்கி நீட்டுகிறார், ஆழமாக மூச்செடுக்கிறார். பின் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இருத்தல், பின் கதிரை, பின் நாலடி நடை, பின் விடுதியின் நீளம், வீடு செல்லுமுன் சில படிகள். நெஞ்செலும்பு பிளந்து அறுவைச் சிகிச்சை பெற்றவராயின் இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளவும், கையை ஊன்றாது எழும்பவும் பழக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் துணைநிற்பவர் நாடியை எண்ணுகிறார். நெற்றி வியர்வையையும் உதட்டின் நிறத்தையும் பேச்சு அறுபடுவதையும் கவனிக்கிறார். எப்போது நிறுத்துவது என்னும் தீர்மானம், பல வேளைகளில், அவருடையது. இதனை 'திறனற்ற வேலை' என வகைப்படுத்துவது சம்பளப் பட்டியலுக்கு வசதியாயிருக்கலாம்.

மொழி ஆய்வாளனுக்கு இவ்விடத்தில் தனி அக்கறை உண்டு. முயற்சியின் கடுமையை நோயாளியே மதிப்பிட்டுச் சொல்வதற்குச் சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் ஓர் அளவுகோலை வகுத்தார். அது 6 முதல் 20 வரை செல்லும். படுவான்கரையிலிருந்து வந்த முதிய விவசாயியிடம் பதின்மூன்றா, பதினைந்தா எனக் கேட்பதில் பயனில்லை. "மாமா, இளைக்குதா, களைக்குதா?" என்று கேட்டால் விடை வரும். இளைப்பு மூச்சைச் சேர்ந்தது. களைப்பு உடம்பைச் சேர்ந்தது. 'நெஞ்சு முட்டுது', 'நெஞ்சு குத்துது', 'நெஞ்சு பதறுது' என்பன மூன்றும் வெவ்வேறு. நெஞ்சு என்னும் சொல் உறுப்பையும் மனத்தையும் ஒருங்கே சுட்டுவதால், பதற்றம் நோயா அச்சமா என்பதைக் குரலைக் கொண்டே பிரித்தறிய வேண்டியிருக்கும். "மறுகா நடப்பம்" என்று நோயாளி சொல்வது சோம்பலா, எச்சரிக்கையா? மருத்துவரின் குறிப்போ ஆங்கிலத்தில். இரண்டுக்குமிடையே மொழிபெயர்ப்பாளர் அத்துணையாளரே. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்ததையும் நூல்களை மொழிபெயர்த்ததையும் நாம் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். அப்பணி மருத்துவனுக்குத் தமிழைத் தந்தது. விடுதியில் நாள்தோறும் ஆக்கப்படும் தமிழைத் தொகுப்பார் எவருமிலர்.

வர்க்கம் என்னும் கேள்வியை இங்குத் தவிர்க்க முடியாது. 1953இல் ஜெரமி மொறிஸ் குழுவினர் இலண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரை ஆராய்ந்து, இருந்தபடியே பேருந்தோட்டும் சாரதியரைவிட, மாடிப்படி ஏறியிறங்கும் நடத்துநரிடையே இருதய நோய் குறைவென்று காட்டினர். உழைப்பு இருதயத்தைக் காக்கும் என்று இதிலிருந்து மகிழ்ந்து முடிவுகட்டுவோர், 1978இல் மைக்கேல் மாமொற் குழுவினர் வெளியிட்ட ஆய்வையும் படித்தல் வேண்டும். இலண்டன் அரச ஊழியர் 17,000க்கு மேற்பட்டோரை ஆராய்ந்த அவர்கள், உயர்நிலை நிருவாகிகளைவிடக் கடைநிலைப் பணியாளர், அதாவது தூதுவரும் வாயிற்காவலரும் ஒத்தோர், இருதய நோயால் இறக்கும் வீதம் மூன்று மடங்குக்கும் மேற்பட்டதெனக் கண்டனர். புகைத்தல், குருதி அழுத்தம் முதலியன இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின. இவ்விரு ஆய்வுகளையும் இணைத்து நோக்கின், உடலின் அசைவு காக்கின்றது, அதிகாரமின்மை கொல்கின்றது என்பது பெறப்படும். நோயாளியை நடத்திச் செல்லும் சிற்றூழியர் இவ்விரண்டாம் ஆய்வின் கடைநிலையிலேயே நிற்கிறார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலங்கை வைத்தியசாலை மரணங்களுக்கு 1990களின் நடுப்பகுதி தொட்டு இருதய நோயே முதன்மைக் காரணமாக இருந்து வருகின்றது. போடியாரும் வயற்காரனும் அருகருகே கட்டிலிற் கிடத்தல் கூடும், நோய் ஒன்றே. வீடு செல்லும்போது இருவர்க்கும் வழங்கப்படும் அறிவுரையும் ஒன்றே: மெல்ல நடங்கள், பாரந் தூக்காதீர்கள். போடியார் அவ்வாறே செய்வார். மூட்டை தூக்காத வயற்காரனுக்கும், இழுத்துப் போடாத வீச்சுவலைக்காரனுக்கும் கூலியேது? இதை அறிந்து, பாரத்தை எப்படிக் கூறுபோட்டுத் தூக்கலாம், மூச்சை எப்போது விடலாம் என்று காதோடு காதாகச் சொல்லிக்கொடுப்பவர், நோயாளியின் ஊரையும் தொழிலையும் அறிந்த கடைநிலைப் பணியாளராகவே பெரும்பாலும் இருப்பார்.

வாவியும் ஒரு வர்க்க எல்லையாகவே இருந்தது. எழுவான்கரையில் நகரமும் பெரிய வைத்தியசாலையும். படுவான்கரையில் வயலும் வறுமையும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையைத் தோணியிலும் பாதையிலுமே கடந்தனர். போர்க்காலத்தில் இரு கரைகளும் இரு ஆட்சிகளின் கீழிருந்தபோது, நெஞ்சுவலிக்காரரைத் துறைவரை சுமந்து, சோதனைச் சாவடியிற் காத்திருந்து, அக்கரை சேர்த்தவர்களும் உழைச்செல்வோரே. வைத்தியசாலைக்குள் நின்றோர்க்கும் பாதுகாப்பு இருக்கவில்லை. 1987 ஒக்டோபர் 21, 22இல் யாழ்ப்பாண வைத்தியசாலையில் இந்தியப் படையினராற் கொல்லப்பட்டவர்களுள் நோயாளர், மருத்துவர், தாதியரோடு சிற்றூழியரும் இருந்தனர்.

இவ்வரலாற்றை எழுதுவதற்கு வேண்டிய சான்றுகள் முற்றாக அழிந்துவிடவில்லை. ஓய்வுபெற்ற அற்றெண்டன்மாரும் மருத்துவிச்சிமாரும் தாதியரும் வாவியின் இரு கரைகளிலும் வாழ்கின்றனர். கட்டிலோடு தொங்கும் குறிப்பேட்டில் மருந்தும் அளவும் வேளையும் எழுதப்படுகின்றன; நோயாளி முதல்நாள் எத்தனை அடி நடந்தார், யார் தோளைப் பற்றி நடந்தார், எவ்விடத்தில் நின்று என்ன சொன்னார் என்பதற்கு அதில் இடமில்லை. அவற்றைக் கேட்டெழுதும் வேலையைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் மாணவர்கள் ஒரு விடுமுறைக் காலத்திலேயே தொடங்கிவிடலாம்.