லோபோட்டமி

மூளையின் முன்மடலை உட்பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகளைத் துண்டித்து, மனநோயாளியின் நடத்தையை மாற்ற முயன்ற அறுவை மருத்துவம். போர்த்துகல் நரம்பியலாளர் எகாஸ் மோனிஸ் வழிகாட்ட, அல்மெய்டா லிமா 1935 நவம்பரில் லிஸ்பனில் இதைத் தொடங்கினார். முதலில் மண்டையோட்டில் துளையிட்டு ஆல்கஹால் செலுத்தினர்; பின்னர் கம்பி வளையக் கருவியால் இழைகளை அறுத்தனர். நோயாளிகளை மோனிஸ் நெடுங்காலம் பின்தொடரவில்லை. ஆயினும் 1949 மருத்துவ நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது.

அமெரிக்கரான வால்டர் ஃபிரீமன், 1946இல் கண்குழியின் மேல் எலும்பு வழியே கூரிய கருவியைச் சுத்தியலால் தட்டி இறக்கும் முறையைப் புகுத்தினார்; இத்தனைக்கும் அவர் அறுவை மருத்துவர் அல்லர். சில நிமிடங்களில் முடிந்ததால், நெரிசல் மிகுந்த மனநல மருத்துவமனைகளில் இது பரவியது. பலருக்குக் கொந்தளிப்பு அடங்கியது உண்மையே. கூடவே முனைப்பும் உணர்ச்சியும் மங்கின, சிலர் இறந்தனர். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரி, 1941இல் பழைய முறையில் நடந்த அறுவைக்குப்பின் பேச்சையும் நடையையும் பெருமளவு இழந்தார். முடிவெடுத்தவர் தந்தை. நோயாளியின் ஒப்புதல் அக்காலத்தில் பெரிதாகக் கருதப்படவில்லை.

சோவியத் ஒன்றியம் 1950இல் இதைத் தடைசெய்தது. மனநோய்க்கான குளோர்புரோமசின் மருந்து வந்தபின் பிற நாடுகளிலும் அருகியது. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளியின் ஒப்புதலும் உரிய வாரியத்தின் அனுமதியும் தேவை.