ஆறு பெண்கள்

திருவான்மியூரில் குடியிருப்பவன் வியாதியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மருந்தீசர் நினைவுக்கு வராமல் இரார். அகத்தியருக்கே மூலிகைகளின் குணத்தை உபதேசித்தவர் என்கிறது தலபுராணம். நோய் எப்படி வந்தது என்று அவர் யாரையும் விசாரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. விசாரிக்கிறவர்கள் நாம்தான், அதிலும் நோயாளி பெண்ணாக இருந்துவிட்டால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பும் எழுதிவிடுவோம்.

1985-ஆம் ஆண்டின் இறுதியில், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் ஒரு வேலையை ஒப்படைத்தார். எய்ட்ஸ் நம் நாட்டில் உண்டா என்று பார்க்க வேண்டும். நம்மவர்களோ, அது மேல்நாட்டு ஒழுக்கக்கேட்டின் பலன், நம்மை அண்டாது என்று நிம்மதியாக இருந்த காலம் அது.

நிர்மலாவைக் கணவர் ஸ்கூட்டரில் அழைத்துப் போய்ப் பெண்கள் காப்பகத்தில் விடுவார். அங்கே அடைபட்டிருந்த விலைமாதரிடம் கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார் நிர்மலா. சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் மாதிரிகள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் காத்திருந்தன. 1986 பிப்ரவரியில் தம்பதிகள் அவற்றை இரவு ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை. அமைச்சர் ஹண்டே சட்டசபையில் அறிவித்தார்; தேசம் திடுக்கிட்டது.

கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் சரித்திரத்தில் ஏறின. ஏறவேண்டியவைதான். ஆனால் ரத்தம் கொடுத்த ஆறு பேருக்கு, எதற்காக அதைக் கொடுக்கிறோம் என்பதே தெரியாது. நிர்மலாவே பின்னாளில் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பிறகு நடந்ததுதான் மோசம். இந்த நோய் கண்ட பெண்களைக் காவல் காலம் முடிந்த பிறகும் காப்பகத்தை விட்டு வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றப் படியேறியபிறகு, 1990-இல் விடுதலை கிடைத்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களைத் தேடிப் பிடித்து அடைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அந்த ஆண்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள், மனைவியிடம்.

சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையம் பின்னர் தரமணிக்கு வந்தது. எங்கள் ஊரிலிருந்து நடக்கும் தூரம். அங்கே வந்த பெண்களில் பெரும்பாலோர் கட்டிய கணவனைத் தவிர வேறு ஆடவனை அறியாத குடும்ப ஸ்திரீகள். கௌசல்யாவின் கதையும் அதுவே. நாமக்கல் பக்கத்தில் 1995-இல் லாரிக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார். மாப்பிள்ளைக்குத் தம் நோய் முன்பே தெரியும், மணப்பெண்ணுக்குத்தான் தெரியாது. பெயரையும் முகத்தையும் மறைக்காமல் ஊரறியப் பேசிய முதல் சில பெண்களில் அவரும் ஒருவர். 1998-இல் பதினெட்டுப் பெண்கள் சேர்ந்து சென்னையில் ஒரு சங்கம் அமைத்தார்கள்.

2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. வேலையோ, வைத்தியமோ, வாடகை வீடோ இந்த நோயைக் காட்டி மறுக்கக்கூடாது என்கிறது. தனியாக வீடு தேடி வரும் பெண்ணிடம் எங்கள் ஊர்த் தரகர் இன்றும் முதலில் கேட்பது, “வீட்டுக்காரர் எப்படிம்மா தவறினாரு?” என்றுதான்.