துறைமுகத்தின் வாசல் யாருடையது?

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு சொகுசுக் கப்பல் கிளம்பியது. முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு மும்பையில் ‘குரூஸ் பாரத் மிஷன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்குவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட திட்டம் எங்கே வந்தாலும் கூடவே ஒரு வாக்குறுதியும் வரும். கப்பல் வந்தால் காசு வரும், துறைமுகத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு வேலை வரும் என்பார்கள்.

இதே வாக்குறுதியை நமக்கு முன்பே கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஜமைக்காவின் வடக்குக் கரையில் ஃபால்மவுத் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே வாழ்கிறவர்களில் ஆகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அந்த நகரத்தின் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபால்மவுத் 1769இல் உருவானது. சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். டிரிலானி என்ற அந்த மாவட்டத்தில் மட்டும் நூறுக்கு நெருக்கமான தோட்டங்கள் இருந்தன. சர்க்கரையும் ரம்மும் இந்தத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போயின. ஒரே நாளில் முப்பது கப்பல்கள்வரை நின்ற துறைமுகம் அது. 1799இலேயே நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. நியூயார்க்குக்கு முன்பே எங்களுக்கு வந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். கரும்பு வெட்டியது, சாறு காய்ச்சியது, பீப்பாய் உருட்டியது, கப்பலில் ஏற்றியது எல்லாம் அடிமைகள். துறைமுகம் அவர்கள் முதுகின்மேல் எழுந்தது. அதன் வரவுசெலவுக் கணக்கிலோ அவர்களே சரக்காக எழுதப்பட்டிருந்தார்கள்.

1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். சாம் ஷார்ப் என்ற அடிமைப் போதகர் தலைமை தாங்கினார். வேலைநிறுத்தமாகத் தொடங்கி எழுச்சியாக மாறிய போராட்டம் அது. மறு ஆண்டு அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆனால் அடிமைமுறையை இனி நடத்த முடியாது என்பது லண்டனுக்குப் புரிந்துவிட்டது. 1833இல் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதில் 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கினார்கள். ஒரு பைசாகூட அடிமைகளுக்கு இல்லை. அத்தனையும் ‘சொத்தை’ இழந்த உடைமையாளர்களுக்கு! ஜமைக்காவில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெறுங்கையோடு விடுதலையானார்கள். அந்த விடுதலையும் ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் நான்காண்டுகள் தள்ளிப்போடப்பட்டது. 1838 ஜூலை 31 நள்ளிரவில், ஃபால்மவுத் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சங்கிலியையும் சாட்டையையும் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்துத்தான் மக்கள் முழு விடுதலையைக் கொண்டாடினார்கள்.

புலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை அமெரிக்காவில் கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்டவர்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஆகவே அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் நடந்தது நமக்கு அயலார் கதை ஆகாது. இன்னொரு நேரடித் தொடர்பும் உண்டு. விடுதலை பெற்றவர்கள் அற்பக் கூலிக்குத் தோட்டத்தில் வேலை செய்ய மறுத்தபோது, தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். 1845 முதல் 1917 வரை ஜமைக்காவுக்குப் போன சுமார் 36 ஆயிரம் பேரில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒரு அடிமையின் பேரத்தை முறிக்க இன்னொரு அடிமை பயன்பட்டான்.

1838க்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ‘நீ இருக்கும் குடிசை என்னுடையது, வாடகை கொடு, இல்லையென்றால் வெளியே போ’ என்றார்கள் தோட்ட முதலாளிகள். நம் தஞ்சைப் பண்ணையாள் கேட்ட அதே வார்த்தை. அப்போது பாப்டிஸ்ட் சபையார் முன்னின்று நிலத்தை மொத்தமாக வாங்கி, சிறு மனைகளாகப் பிரித்து, விடுதலை பெற்றவர்களுக்கு விற்றார்கள். கிரான்வில், ரெஃப்யூஜ், கெட்டரிங் என்று டிரிலானியில் சுதந்திரக் கிராமங்கள் பிறந்தன. காலடியில் சொந்த மண் இருந்தவன்தான் கூலி பேச முடிந்தது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதியதும், அதைத் தொடர்ந்து பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டதும் இதே உண்மையைக் கண்டுகொண்டதால்தான்.

ஆனால் துறைமுகம் மட்டும் அந்த மக்கள் கைக்கு வரவே இல்லை. சர்க்கரை வீழ்ந்தது. பெரிய நீராவிக் கப்பல்களுக்கு அந்தத் துறை போதவில்லை. ஃபால்மவுத் ஓய்ந்தது. பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லாததால் அவை அப்படியே நின்றன. அந்த வறுமை காத்து வைத்த தெருக்களைப் பார்த்துத்தான் 1996இல் அரசு நகரத்தைத் தேசிய மரபுச் சின்னமாக அறிவித்தது.

2011இல் கப்பல் மறுபடி வந்தது. ஜமைக்கா துறைமுக ஆணையமும் ராயல் கரீபியன் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து புதிய கப்பல்துறை கட்டின. கடலடியைத் தோண்டினார்கள். சதுப்புக் காடு அழிந்தது. பவளங்களைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ வந்து நின்றது. அன்று உலகின் மிகப்பெரிய பயணிகள் கப்பல்களில் ஒன்று. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள். ஊரின் மக்கள்தொகையோ பத்தாயிரத்துக்கும் குறைவு. ஒரு ஊருக்குப் பக்கத்தில் இன்னொரு ஊர் வந்து மிதந்தது.

வந்தவர்கள் எங்கே போனார்கள்? கப்பலை விட்டு இறங்கினால் முதலில் வருவது துறைமுக வளாகம். பழைய ஃபால்மவுத் பாணியில் புதிதாகக் கட்டிய கட்டடங்கள். அவற்றில் நகைக்கடைகள், மதுக்கடைகள், பெரிய வணிகத் தொடர்களின் கிளைகள். வளாகத்திலேயே பேருந்து நிற்கும். கப்பலிலேயே சீட்டு வாங்கியவர்கள் அதில் ஏறி, ஊருக்குள் கால் வைக்காமலே மணிக்கணக்கில் தள்ளி இருக்கும் அருவிக்கும் கடற்கரைக்கும் போய்த் திரும்புவார்கள். மாலையில் கப்பல் கிளம்பிவிடும். மூன்று வேளைச் சாப்பாடும் கப்பலிலேயே உண்டு. வாசலுக்கு வெளியே கைவினைப் பொருளோடு நிற்கிறவருக்கும் டாக்ஸிக்காரருக்கும் மிஞ்சுவது வேலியைத் தாண்டி நடந்து வரும் சிலர்தான்.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். காவல் வேலை, ஓட்டுநர் வேலை, கடை வேலை வந்தன. சில பழைய கட்டடங்கள் செப்பனிடப்பட்டன. வேலை கிடைத்த குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். நாம் கேட்பது பங்கைப் பற்றி.

இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ராயல் கரீபியனின் தலைமையகம் இருப்பது மியாமியில். நிறுவனம் பதிவாகியிருப்பது லைபீரியாவில். கப்பல்களில் பெரும்பாலானவை பறக்கவிடுவது பஹாமாஸ் கொடியை. வரியும் தொழிலாளர் சட்டமும் எங்கே இலேசோ அங்கே பதிவு. உள்ளூர்க்காரர் நடத்தும் சுற்றுலாவைக் கப்பலில் விற்கும்போது பயணி கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதியைக் கப்பலே வைத்துக்கொள்வது இத்தொழிலின் வழக்கம். அறை பெருக்கும், பாத்திரம் கழுவும் ஊழியர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். அவர்கள் வருமானத்தில் பயணிகள் தரும் டிப்ஸுக்கும் பெரிய இடம் உண்டு.

கேட்டு வாங்க முடியாதா? 1990களின் தொடக்கத்தில் கரீபியன் நாடுகள் கூடி, பயணி ஒருவருக்குக் குறைந்தபட்சம் 10 டாலர் வரி என்று பேசின. உங்கள் துறைமுகத்தை விட்டுவிட்டு அடுத்த தீவுக்குப் போவோம் என்றன கம்பெனிகள். தீவுகளின் ஒற்றுமை குலைந்தது. 2006இல் அமெரிக்காவின் அலாஸ்கா மாநில வாக்காளர்கள் அதே கம்பெனிகள்மீது தலைக்கு 50 டாலர் வரி போட்டார்கள். 2010இல் நெருக்குதலால் அது 34.50 டாலராகக் குறைந்தது. இன்றும் அங்கே கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆக, அலாஸ்காவில் கட்டுப்படியாகிற வரி கரீபியனில் மட்டும் ஏன் கட்டுப்படியாகவில்லை? வாக்குக்கும் பேரத்துக்கும் பலம் இருந்த இடத்தில் கம்பெனி கொடுத்தது. அடிமைகளின் பேரப்பிள்ளைகளிடம் அதே கம்பெனி மிரட்டியது.

2020 மார்ச்சில் கொரோனாவால் கப்பல்கள் நின்றபோது ஃபால்மவுத் மீண்டும் ஓய்ந்தது. கம்பெனிக்குக் கடன் கொடுக்கச் சந்தை இருந்தது. வாசலில் நின்றவருக்கு அப்படி ஒரு சந்தை இல்லை.

ஊரும் சேரியும் நமக்குத் தெரியும். உழைப்பு சேரியிலிருந்து ஊருக்குப் போகும், விளைச்சல் ஊரிலேயே தங்கிவிடும். ஃபால்மவுத்தின் வேலியும் அதே கோடுதான். அன்று சர்க்கரை அந்த வாசல் வழியாக வெளியே போனது. இன்று பயணிகள் அதே வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள். வாசலின் சாவி மட்டும் 250 ஆண்டுகளாக ஊர்மக்கள் கையில் இல்லை.

ஆகவே சென்னையிலோ தூத்துக்குடியிலோ சொகுசுக் கப்பலுக்குத் துறை கட்டுகிறோம் என்று யார் வந்தாலும், எத்தனை பேருக்கு வேலை என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடக் கூடாது. வளாகத்துக்குள் கடை வைக்கும் உரிமை யாருக்கு? அதில் பட்டியல் சாதியினருக்கும் மீனவருக்கும் பங்கு எழுத்தில் உண்டா? தலைக்கு எவ்வளவு வரி, அதில் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்கு எவ்வளவு? மண்ணும் கடலும் கெட்டால் யார் பொறுப்பு? இவற்றுக்கு ஒப்பந்தம் போடுமுன் பதில் வேண்டும். கப்பல் கிளம்பிய பிறகு கரையில் நின்று கேட்டால் யாருக்கும் கேட்காது.