நான் என்னும் ரொட்டி

தமிழில் 'நான்' என்பது தன்னைச் சுட்டும் சொல். டில்லியிலும் லக்னௌவிலும் குடியேறிய நமக்கோ அது ரொட்டியையும் குறிக்கிறது. ஒலி ஒன்றாயினும் இவ்விரண்டிற்கும் உறவில்லை. உணவின் பெயராகிய 'நான்' பாரசீகச் சொல். அதன் பிறப்பையும் மரபையும் சிறிது ஆராய்வோம்.

பாரசீகத்தில் 'நான்' ஒரு தனிப் பண்டத்தின் பெயரன்று. ரொட்டி அனைத்திற்கும் பொதுப்பெயர். மெல்லிய லவாஷும், சூடேறிய கூழாங்கற்களின்மேல் சுடப்படும் சங்கக்கும் அங்கே நான்களே. கி.பி. 224 முதல் 651 வரை ஆண்ட சாசானிய மன்னர்களின் பஹ்லவி மொழியிலும் இச்சொல் இவ்வாறே வழங்கிற்று. இன்னும் பழைய வடிவத்தை அதன் இனமொழிகள் காட்டுகின்றன. பார்த்திய மொழியில் ரொட்டிக்கு 'நக்ன்' என்று பெயர். பலூச்சியில் இன்றும் 'நகன்' என்பர். எனவே, சொல்லின் இடையே நின்ற ககரம் பாரசீகத்தில் தேய்ந்து மறைந்தது என்பது புலனாகும். அம்மூலத்தை, ஆடையற்ற நிலையைக் குறிக்கும் 'நக்ன' என்ற வடசொல்லோடு அறிஞர் சிலர் இணைப்பர். கலத்தில் இட்டு மூடாமல், திறந்த தணலில் சுட்ட அப்பம் என்பது அவர்கள் கூறும் விளக்கம்.

1206-இல் டில்லியில் சுல்தான்களின் ஆட்சி தோன்றியது. பாரசீகம் அரசவை மொழியாயிற்று. அதனோடு இச்சொல்லும் இந்நாட்டில் வேரூன்றிற்று. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் எழுதிய 'ஆயினி அக்பரி', அக்பரின் அரண்மனை அடுப்பில் சுட்ட பெரிய ரொட்டிக்கு அளவு தருகிறது: 10 சேர் மாவு, 5 சேர் பால், ஒன்றரைச் சேர் நெய், கால் சேர் உப்பு. தணலில் பிறந்த ஏழை உணவு பாலும் நெய்யும் பெற்றுச் செழித்த வரலாறு இது.

ஆயினும் சொல் தன் பழைய பொருளை இழக்கவில்லை. உருதுவில் ரொட்டி சுடுபவர் 'நான்பாயி'. மனைவிக்குக் கணவன் அளிக்கவேண்டிய வாழ்க்கைச் செலவு 'நான்-நப்கா'. அங்கே 'நான்' என்பது பிழைப்பையே குறிக்கிறது. ஒருவர் வீட்டில் உண்டதனால் விளையும் கடமையைப் பாரசீகர் 'நான்-ஓ-நமக்', அதாவது ரொட்டியும் உப்பும் என்பர். உப்பிட்டவரை மறவாமை நம்முடைய அறமும் அன்றோ? பிழைப்பை நாடி வந்து இவ்வூர்களின் உப்பைத் தின்று வாழும் நமக்கு, அச்சொல்லின் பொருள் விளங்க அகராதி வேண்டுவதில்லை.