கணு இல்லாத காம்பு

தக்காளிக் காம்பின் நடுவில் முழங்கை மாதிரி ஒரு கணு இருக்கும். பறித்தால் அங்கேதான் ஒடியும். பழத்தோடு வரும் குட்டைக் காம்பு, குவியலில் பக்கத்துப் பழத்தைக் குத்திக் கிழிக்கும். கையால் பறிக்கிறவர் அதைக் கிள்ளிப் போட்டுவிடுவார். இயந்திரத்துக்கு அது தெரியாது. 1960-களில் கலிபோர்னியாவின் ஆலைத் தக்காளி வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கியது. அப்போது கணுவே இல்லாத காம்பு தேவைப்பட்டது.

பயிர்த் தக்காளியில் அப்படியொரு பிறழ்வு முன்பே தெரிந்ததுதான். ஆனால் அந்தச் செடி ஒருசில பூ விட்டதும் பூங்கொத்திலேயே இலை தள்ளிவிடும். வேறு ரகங்களில் தேடலாமே என்று தோன்றும். உருண்டை, நீளம், சிவப்பு, மஞ்சள் என்று கண்ணுக்கு எத்தனை தினுசாகத் தெரிந்தாலும், அவை அத்தனையும் நெருங்கிய பங்காளிகள். ஆண்டிஸ் பக்கத்துக் காட்டுச்செடி மெக்சிகோவில் பயிராகி, 16-ஆம் நூற்றாண்டில் அதில் சிறிதளவு விதை மட்டும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. போதாக்குறைக்கு, தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும். காட்டு இனங்களிடம் உள்ள மரபணு வேறுபாட்டில் 5 சதவீதம்கூடப் பயிர்த் தக்காளியில் இல்லை என்று ஒரு மதிப்பீடு உண்டு. எனக்கு இது பயமூட்டும் கணக்கு.

கணு இல்லாத காம்பு கிடைத்தது கலாபகோஸ் தீவுகளில். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த சார்லஸ் ரிக், வாழ்நாள் முழுக்கக் காட்டுத் தக்காளி தேடி அலைந்தவர், அங்கிருந்து விதை கொண்டுவந்தார். விதை முளைக்க மறுத்தது. பறவைக்குக் கொடுத்து எச்சத்திலிருந்து எடுத்துப் போட்டும் பயனில்லை. கடைசியில் விலங்கியலாளர் ராபர்ட் போமனோடு சேர்ந்து, அதே தீவுகளின் ராட்சத ஆமைகளுக்கு அந்தப் பழத்தைத் தின்னக் கொடுத்தார்கள். ஆமையின் குடலில் எதுவும் அவசரப்படாது. விதை வெளியே வர வாரக்கணக்கில் ஆனது. அந்தச் சாணத்திலிருந்து பொறுக்கிய விதைகள் நன்றாக முளைத்தன. 1961-இல் இருவரும் இதை எழுதி வெளியிட்டார்கள்.

அந்தத் தீவுச்செடியின் மரபணுவைப் பயிரில் சேர்த்தபோது காம்பு செடியிலேயே தங்கி, பழம் மட்டும் கழன்று வந்தது. ஆனால் சில ரகங்களில் பூங்கொத்து கிளைகிளையாகப் பிரிந்து காய்ப்பு குறைந்தது. காரணம் 2017-இல்தான் துலங்கியது. பயிர்த் தக்காளி நெடுங்காலமாகச் சுமந்துவந்த ஒரு பழைய பிறழ்வு, பூவின் புல்லிகளை நீட்டிவிடுவது, புதிதாக வந்த மரபணுவோடு ஒத்துப்போகவில்லை. தனித்தனியே இருந்தவரை இரண்டும் சாதுவாகத்தான் இருந்தன.