தூதரகத்தில் பிறந்த உடன்படிக்கை

ஹென்றி லேன் வில்சன் சிலியிலும் பெல்ஜியத்திலும் பணியாற்றிய பின், 1910இல் அமெரிக்க ஸ்தானிகராக மெக்சிக்கோ சென்றார். மறு ஆண்டே சர்வாதிகாரி போர்பிரியோ டியாஸ் வீழ்ந்தார். தேர்தலில் வென்று ஜனாதிபதியான மடேரோ செல்வந்தக் குடும்பத்தவர், முதலாளிகளின் பகைவரல்லர். ஆயினும் அந்நிய மூலதனம் முன்பு அனுபவித்த நிம்மதி குலைந்ததை ஸ்தானிகரால் பொறுக்க முடியவில்லை.

1913 பெப்ரவரி 9இல் தலைநகரில் கலகம் மூண்டது. அரசைக் காக்க நியமிக்கப்பட்ட தளபதி ஹுயெர்த்தா, 18ஆம் தேதி மடேரோவைச் சிறைப்பிடித்தான். அன்றிரவே கலகத் தலைவன் பெலிக்ஸ் டியாஸுடன் உடன்படிக்கை செய்தான். இவன் பழைய சர்வாதிகாரியின் தம்பி மகன். உடன்படிக்கை உருவான இடம் அமெரிக்கத் தூதரகம்! முன்னின்று முடித்தவர் வில்சன்.

மடேரோவின் மனைவி சாரா அம்மையார் கணவரின் உயிருக்காக இதே ஸ்தானிகரிடம் சென்று மன்றாடினார். மெக்சிக்கோவின் உள்விவகாரத்தில் தலையிடுவதற்கில்லை என்று கையை விரித்தார் அவர். சின்னஞ்சிறு கூபாவின் தூதுவர் மார்க்கேஸ் ஸ்டெர்லிங்கோ, கைதிகளுக்குத் துணையாக ஓரிரவு அவர்களுடனேயே தங்கினார்.

22ஆம் தேதி இரவு மடேரோவும் உபஜனாதிபதி பீனோ சுவாரெசும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களை மீட்க நடந்த முயற்சியில் மாண்டனர் என்றது புதிய அரசு. அதை ஏற்கலாமென வாஷிங்டனுக்கு எழுதினார் வில்சன்.

மார்ச்சில் பதவியேற்ற ஜனாதிபதி வூட்ரோ வில்சன் ஜூலையில் அவரைத் திருப்பியழைத்தார். வழக்கில்லை, தண்டனையில்லை. 1927இல் நினைவுநூல் வெளியிட்டுத் தம்மை நியாயப்படுத்திய அவர், 1932இல் இண்டியானாபொலிசில் காலமானார்.