சிக்கனத்தின் விலை: சிலிகுரியும் பேராம்பிராவும்

சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் அளித்த அறிக்கை, அன்றைய இந்தியாவில் சுமார் 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருந்ததாகக் கணக்கிட்டது. விடுதலைக்குப் பின் மருத்துவமனைகள் பெருகின. ஆயினும் செவிலியர் பற்றாக்குறை தீரவில்லை. அதுவே இயல்பு நிலையாகிவிட்டது. அந்த இடைவெளியை நோயாளியின் உறவினர்கள் நிரப்பினர். ஊட்டுவதும் துடைப்பதும் கையுறையற்ற அவர்களின் கைகளுக்கே சென்றன.

2001இன் தொடக்கத்தில் சிலிகுரியில் இனம்புரியாத மூளைக்காய்ச்சல் பரவியது. 66 பேர் பாதிக்கப்பட்டனர். 45 பேர் இறந்தனர். அது நிபா வைரஸ் என்பது பின்னரே உறுதியானது. பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மருத்துவமனை ஊழியர்கள் அல்லது நோயாளிகளைக் காண வந்தவர்கள். நோயைத் தீர்க்க வேண்டிய இடமே நோயைப் பரப்பும் இடமானது.

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் அதே வைரஸ் தோன்றியது. நோய் இன்னதென்று அறியப்படும் முன்பே பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினி, மே 21 அன்று உயிரிழந்தார். அவர் ஒரு தற்காலிகப் பணியாளர்.

நோய் கண்டறியப்பட்ட பின் முழு உடற்கவசம் வந்து சேரும். அதற்கு முந்தைய நாட்களில் செவிலியரைக் காப்பவை கைகழுவுதல், கையுறை, முகக்கவசம், படுக்கைகளுக்கு இடையிலான தூரம் ஆகியவையே. இவை அனைத்திற்கும் நேரமும் ஆளும் வேண்டும். பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். அதைப் பல மடங்கு மீறிய பொறுப்பைச் சுமப்பவரிடம் முதலில் பறிபோவது, ஒரு படுக்கையிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் முன் கைகழுவும் அந்த அரை நிமிடமே.

தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தை ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நீண்ட போராட்டங்களுக்குப் பின், 2018 ஏப்ரலில் கேரளம் குறைந்தபட்ச ஊதியத்தை 20,000 ரூபாயாக நிர்ணயித்தது. இவை தொழிலாளர் பிரச்சினைகளாகவே பேசப்பட்டன. ஆனால், குறைந்த ஊதியத்தால் அனுபவமிக்கவர் வெளியேறும் விடுதி, தொற்றுக்கும் திறந்த விடுதியாகிறது.

2019 ஜூனில் எர்ணாகுளத்தில் நிபா மீண்டும் வந்தது. முன்கூட்டியே ஐயுற்று, நோயாளியைத் தனிமைப்படுத்தி, தொடர்பில் இருந்தோரைக் கண்காணித்தனர். நோயாளி பிழைத்தார், வேறு எவருக்கும் தொற்று பரவவில்லை. மருத்துவமனைத் தொற்று விதியன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.